நான்கு மீட்டருக்குள் ஒரு வேகம்

சிதம்பரம் நடராசர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளைப் பழைய ஆங்கில ஆவணங்கள் 'கார் ஸ்ட்ரீட்' என்றே எழுதும். அந்தக் 'கார்' தேர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் அந்த வீதிகளில் அசைந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மற்ற நாட்களில் அங்கே ஓடுபவை டவுன் பஸ்களும் ஆட்டோக்களும் பல்கலைக்கழக மாணவர்களின் பைக்குகளும்தான். அந்த நெரிசலுக்குள் எப்போதாவது ஒரு சின்னக் கார், பம்பரில் சிவப்புக் கோடும் பின்னால் இரட்டைச் சைலன்சர் வாயுமாக, உறுமலை அடக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். நம்பர் பிளேட்டில் டிஎன் 91 என்றிருந்தால் சிதம்பரத்துப் பதிவு. டிஎன் 31 என்றால் கடலூர்.

விற்பனைத் தாளில் 'ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்' என்றும் ஊர்ப்பேச்சில் 'டர்போ வண்டி' என்றும் வழங்கும் ரகம் இது. நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்ஜின் ஒரு லிட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ இருக்கும், சக்தி மட்டும் 120 குதிரைத்திறன். இவ்வளவு சிறிய இன்ஜினுக்குள் ஏன் இவ்வளவு சக்தியைத் திணிக்க வேண்டும் என்று கேட்டால் பொறியாளர் டர்போசார்ஜரைப் பற்றிச் சொல்வார். முழுப் பதில் அவரிடம் இல்லை. பாதிப் பதில் டெல்லியின் வரிச் சட்டத்திலும் மீதி சென்னையின் சாலை வரி அட்டவணையிலும் இருக்கிறது. கடலூர் ஷோரூமில் கையில் கொடுக்கும் கொட்டேஷன் தாளில் அந்த இரண்டும் வரிவரியாக அச்சாகியிருக்கும், படித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

இந்த ரகத்தின் மூதாதை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 1975-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். மொத்தமாக 5,000 வண்டி விற்றால் போதும் என்பது நிறுவனத்தின் கணக்கு. முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்தைத் தாண்டியது. காய்கறி வாங்கப் போகிற வண்டியிலேயே மலைப்பாதையில் விரட்டி ஓட்டும் சுகமும் கிடைக்கும் என்றால், அதற்குக் கூடுதல் காசு கொடுக்க ஆளிருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் அந்த ஆசை ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே பந்தயத் தளத்தில் தெரிந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1980-களில் பெங்களூரில் கட்டப்பட்ட சிபானி டால்ஃபின் என்னும் கண்ணாடியிழை உடல் கொண்ட குட்டிக் கார் சந்தையில் மாருதி 800-க்கு முன் எடுபடவில்லை. எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்களுக்கு மட்டும் பிடித்துப்போனது. கோவையில் எஸ். கரிவர்தன் ஒரு படி மேலே போய், பந்தயக் கார்களை உள்ளூர்ப் பாகங்களைக் கொண்டே வடிவமைத்துக் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்த ஓடுதளத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஷோரூமில் காசு கொடுத்து வாங்கக்கூடிய வேக ஹேட்ச்பேக் என்று இந்தியாவில் பலரும் முதலில் நினைவுகூர்வது 2001-இல் வந்த ஃபியட் பாலியோ 1.6. நூறு குதிரைத்திறன். பெட்ரோல் குடிப்பதில் அதற்கு இணையே கிடையாது, அதனாலேயே விற்கவில்லை. இன்று கோவையிலோ சென்னையிலோ ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு பாலியோவைப் பார்த்தால் நாற்பதைக் கடந்த ஆண்கள் நின்று கையால் தடவிப் பார்ப்பார்கள்.

அதன் பிறகு கதையின் போக்கையே வரி மாற்றியது.

2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. எது சிறிய கார் என்பதற்கு ஒரு வரையறை வேண்டுமல்லவா? நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் என்று வைத்தார்கள். வரி விகிதம் பிறகு பலமுறை ஏறி இறங்கியது. வரையறையின் எலும்புக்கூடு மட்டும் மாறவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அதுதான் நின்றது, சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் அதன்மேல் ஒரு சதவீத செஸ்ஸும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி செஸ் எடுபட்டு, சிறிய கார் 18 சதவீதத்துக்கு இறங்கியது. வரையறையைத் தாண்டிய கார் 40 சதவீதத்துக்குப் போனது. இருபது ஆண்டுகளாக இந்தியக் கார்களின் பம்பர் எங்கே முடிய வேண்டும் என்பதை முடிவு செய்தது இந்த ஒரு கோடுதான்.

கோட்டை மதிக்காதவர்கள் பட்ட பாட்டுக்கு 2015-இல் வந்த அபார்த் புன்டோ சாட்சி. இத்தாலியின் அபார்த் என்பது தேள் சின்னம் போட்ட பழைய பந்தயப் பெயர். ஃபியட் அந்தச் சின்னத்தைப் புன்டோவின் மூக்கில் ஒட்டி, 145 குதிரைத்திறன் கொண்ட டர்போ இன்ஜினை உள்ளே வைத்தது. விலை 9.95 லட்சம். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு அவ்வளவு சக்தி கொண்ட வேறு கார் இந்தியாவில் இல்லை. நீளம் நான்கு மீட்டருக்குள்தான், ஆனால் இன்ஜின் 1,368 சிசி. 168 சிசி அதிகமானதற்காக, சிறிய காருக்கு 12.5 சதவீதமாக இருந்த உற்பத்தி வரி இதற்கு 24 சதவீதம். அடுத்த ஆண்டு ஃபோக்ஸ்வாகன் 1.8 லிட்டர் போலோ ஜிடிஐ வண்டிகள் 99-ஐ மட்டும் இறக்குமதி செய்தது. மூன்று கதவு, 192 குதிரைத்திறன், விலை 25 லட்சத்துக்கும் மேல். போலோவுக்கு 25 லட்சமா என்று கேட்டவர்களே அதிகம். பிறகு விலையைப் பல லட்சம் இறக்கித்தான் அவற்றைத் தள்ள வேண்டியிருந்தது.

கோட்டுக்குள் நின்று ஆடியவர்களே பிழைத்தார்கள், அதுவும் சில காலம்தான். 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 1,197 சிசிக்குள் 105 குதிரைத்திறனைக் காட்டி, ஒரு தலைமுறை இளைஞர்களை டர்போவுக்கும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் பழக்கியது. 2017-இல் மாருதி பலேனோ ஆர்எஸ் 998 சிசியுடன் வந்தது. 2018 அக்டோபரில் வந்த டாடா டியாகோ ஜேடிபி கோவைக்காரர்களின் வேலை. முன்னாள் பந்தய வீரர் ஜெ. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோடிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் அதை உருவாக்கியது. 114 குதிரைத்திறன், விலை 6.39 லட்சம். இந்த நாட்டில் ஓட்டும் சுகத்தை இவ்வளவு மலிவாக விற்க முயன்றவர்கள் வேறு யாருமில்லை என்று துணிந்து சொல்லலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. சில ஆயிரம் மட்டுமே விற்கும் வண்டிக்காக இன்ஜினைப் புதிதாகச் சீரமைக்க எந்தக் கணக்குப்பிள்ளை ஒப்புவார்? அந்த ஆண்டிலேயே கூட்டை முடித்துக்கொண்டார்கள். ஆர்எஸ்ஸும் போனது. போலோ 2022-இல் விடைபெற்றது.

மிஞ்சிய இடத்தில் வந்து நின்றது ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021 செப்டம்பரில் அறிமுகம், 998 சிசி, 120 குதிரைத்திறன். தயாராவது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் சோழவரத்தை விட்டுத் தன் பந்தயத் தளத்தை மாற்றிக்கொண்டதும் அதே இருங்காட்டுக்கோட்டைக்குத்தான். பந்தயத் தளத்துக்குப் பக்கத்தில் வேகக் கார் தொழிற்சாலை என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் லைன் பந்தயத்துக்குப் பிறந்த வண்டியா என்றால், இல்லை. அறிமுகமானபோது சாதாரண ஐ20 டர்போவிலும் இதே இன்ஜின், இதே சக்திதான். மாறியவை இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சைலன்சரின் குரல். ஐரோப்பாவில் விற்ற அசல் ஐ20 என் 1.6 லிட்டரில் 204 குதிரைத்திறன் தந்தது. அந்த 1.6 லிட்டர் நம் கோட்டுக்கு வெளியே. 2024 ஜூனில் வந்த டாடா ஆல்ட்ராஸ் ரேசரும் 1,199 சிசிக்குள் அதே 120-இல்தான் நின்றது.

தொழிற்சாலையிலிருந்து கடலூர் இருநூறு கிலோமீட்டருக்குள். சிதம்பரம் அங்கிருந்து இன்னும் நாற்பத்தைந்து. வண்டி பக்கத்து ஊரில் தயாராகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால்தான் தூரம் தெரியும்.

டெஸ்ட் டிரைவ் வண்டி டீலரின் சொந்தப் பணம். கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கி, பதிவு செய்து, இன்சூரன்ஸ் போட்டு, ஆயிரக்கணக்கானோர் மிதித்த பிறகு பழைய வண்டியாக விற்க வேண்டும். செலுத்திய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாமா என்பதே பல ஆண்டு வழக்காக இருந்து, 2024 செப்டம்பரில் வெளியான சுற்றறிக்கையில்தான் தெளிவானது. மாதம் நாற்பது எஸ்யூவி கேட்கும் ஊரில், ஒன்றிரண்டு பேர் மட்டுமே விசாரிக்கும் டர்போ ஹேட்ச்பேக்குக்கு ஒரு டெமோ வண்டி வைக்க எந்த டீலருக்கும் மனம் வராது. கம்பெனிகளின் ஏற்பாடும் அப்படியே. பலேனோ ஆர்எஸ் நெக்ஸா ஷோரூம்களில் மட்டும் கிடைத்தது. ஜேடிபி தேர்ந்தெடுத்த சில நகரங்களில் மட்டும். என் லைன் அறிமுகமானபோது அதை விற்க 97 நகரங்களில் 188 'சிக்னேச்சர்' விற்பனையகங்களைத்தான் ஹூண்டாய் ஒதுக்கியது. சிறிய ஊர்க்காரருக்குச் சாதாரண ஐ20-ஐ ஓட்டக் கொடுத்து, "இதே மாதிரிதான் சார் இருக்கும், சவுண்டு மட்டும் வேற" என்று சொல்லி முடிப்பது இப்படித்தான் வழக்கமானது. வேறாக இருப்பதே சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் எனும்போது, அவற்றைத் தொட்டுப் பார்க்காமல் பத்து லட்சம் கொடுப்பது சரியான வியாபாரமாகாது. புதுச்சேரிக்கோ சென்னைக்கோ ஒரு நாள் போய் அசல் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு ஆகும் பஸ் கட்டணம் முந்நூறு, நானூறு ரூபாய்.

டீலரின் கையிருப்பும் ஒரு விஷயம். நாடு முழுவதுமுள்ள டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா 2024 செப்டம்பர் நிலவரமாகச் சொன்ன கணக்குப்படி, விற்காமல் நின்ற கார்கள் 80 முதல் 85 நாள் விற்பனைக்குச் சமம், மதிப்பு 79,000 கோடி ரூபாய். அவ்வளவும் பெரும்பாலும் வங்கிக் கடனில் நிற்கும் வண்டி, ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. "சார், ஒயிட்டுன்னா இப்பவே இருக்கு. ரெண்டு நாள்ல டெலிவரி" என்று விற்பனையாளர் சொல்லும்போது அந்த வெள்ளை வண்டி யார்டில் எத்தனை மாதமாக வெயில் காய்கிறது என்று கேட்பது அநாகரிகமில்லை. ஆடி மாதத்தில் புது வண்டி எடுக்க நம் வீடுகளில் யோசிப்பார்கள், அதனால் ஷோரூமில் கூட்டம் குறைவு, பேரத்துக்கு இடம் அதிகம். சகுனம் பார்க்காதவருக்கு ஆடிதான் நல்ல மாதம். டிசம்பர்த் தள்ளுபடியில் வேறொரு கொக்கி. ஜனவரி பிறந்ததும் அந்த வண்டி 'போன வருஷத்து மாடல்' ஆகிவிடும், திரும்ப விற்கும்போது கிடைத்த தள்ளுபடியில் பெரும்பகுதி போய்விடும்.

இனி அந்தக் கொட்டேஷன் தாள்.

மேலே எக்ஸ்-ஷோரூம் விலை, கீழே ஆன்-ரோடு விலை, நடுவில் ஐந்தாறு வரிகள். பேரம் பேசுபவர்கள் பெரும்பாலும் மேல்வரியைப் பிடித்துத் தொங்குவார்கள். பணம் கரைவது நடுவில். முதலில் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியைத் திருத்தினார்கள். 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் கவனிக்க வேண்டியது 13-க்கும் 18-க்கும் நடுவிலுள்ள பள்ளம். வருமான வரியைப் போலத் தாண்டிய தொகைக்கு மட்டும் அதிக விகிதம் என்ற பேச்சு இங்கே இல்லை, முழு விலைக்கும் உண்டு. 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. 10,01,000 ரூபாய் வண்டிக்கு 1,80,180. இரண்டாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரி வித்தியாசம். டர்போ ஹேட்ச்பேக்குகள் அத்தனையும் இந்தப் பத்து லட்சத்தின் இரு கரையிலும்தான் நிற்கின்றன. சன்ரூஃப் வைத்த மேல்ரகமா, இல்லாத கீழ்ரகமா என்று குடும்பம் கூடிப் பேசும்போது, சன்ரூஃபின் விலையோடு இந்த ஐம்பதாயிரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

2025 செப்டம்பர் ஜிஎஸ்டி குறைப்பு இந்த இடத்தில் இரட்டை வேலை செய்தது. பத்தரை லட்சம் விலையுள்ள ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். 29 சதவீத வரியை உரித்துவிட்டு 18 சதவீதத்தைப் போட்டால் விலை ஏறத்தாழ 9,60,500-க்கு இறங்கும். அதனால் மட்டும் மிச்சம் 89,500. விலை பத்து லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டதால் சாலை வரி 1,89,000-லிருந்து 1,24,900-க்கு வந்துவிடும். அதில் மிச்சம் இன்னும் 64,000. மத்திய அரசு ஒரு வரியைக் குறைத்தது, மாநில அரசின் வரி தானாகவே ஒரு படி இறங்கிக்கொண்டது. ஹூண்டாய் அப்போது என் லைனுக்கு அறிவித்த அதிகபட்ச விலைக்குறைப்பு 1,08,116 ரூபாய். பத்து லட்சக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த ரகங்களுக்கு உண்மையான மிச்சம் அதைவிட அதிகம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 2016 முதல் ஒரு சதவீத டிசிஎஸ் பிடிப்பும் உண்டு. அது செலவாகாது, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் அதைப் போனதாகவே எழுதிவிடுகிறார்கள்.

அடுத்த வரி இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், உச்ச நீதிமன்ற உத்தரவு. 2022 கட்டணப்படி 1,000 சிசி வரை 6,521 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 10,640. ஆக, 120 குதிரைத்திறன் கொண்ட 998 சிசி என் லைனுக்கும் அதில் ஏறத்தாழ பாதிச் சக்தி கொண்ட ஆல்டோவுக்கும் ஒரே கட்டணம். சட்டம் அளப்பது சிலிண்டரின் கொள்ளளவை, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை அது பார்ப்பதில்லை. இந்தப் பகுதி எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில்தான் டீலருக்கும் வெளிச்சந்தைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். டீலரிடம்தான் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி மேஜையில் வைத்தால் டீலரின் தொகை பெரும்பாலும் இறங்கி வரும். 'பம்பர் டு பம்பர்' என்று ஊரே சொல்லும் பூஜ்ய தேய்மானக் காப்பீட்டை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாப் புது வண்டிக்கும் ஐந்தாண்டு கட்டாயமாக்கியது. அடுத்த மாதமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அந்த ஒரு மாதத்துச் செய்தியை வைத்தே அதைக் கட்டாயம் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

கடலூர் மாவட்டத்தில் கட்டாயமில்லாவிட்டாலும் போட வேண்டிய ஒன்று, இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு. 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று வரிசையாகப் பார்த்த மாவட்டம் இது. ஃபெஞ்சலின்போது சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீர் கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பினால் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சி கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சாதாரணப் பாலிசி அதற்குப் பணம் தராமல் விலகிக்கொள்ள இடம் வைத்திருக்கிறது. டர்போ இன்ஜின் என்றால் பில் இன்னும் கனக்கும்.

மிச்சமுள்ள வரிகளில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒன்றிருந்தால் அது அரசுக் கட்டணமன்று, கேட்டால் எடுத்துவிடுவார்கள். ஆக்சஸரீஸ் கட்டு, டெஃப்லான் பூச்சு எல்லாம் வாங்குபவர் விருப்பம். சத்தம் போதவில்லை என்று வெளியே போய் சைலன்சரை மாற்றுவது வேறு சங்கதி. தயாரிப்பாளர் வரையறுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரண்டியும் அத்தோடு போகும். தொழிற்சாலையிலேயே உறுமக் கற்றுக்கொண்ட வண்டிக்குச் சட்டம் தரும் மதிப்பு இதுதான்.

கடனில் ஒரே ஒரு கேள்வி போதும், வட்டி ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா? ஏழு லட்சத்தை ஐந்தாண்டுக்கு 9.5 சதவீதத்தில் குறையும் நிலுவை முறையில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 14,700, மொத்த வட்டி 1.82 லட்சம். அதே 9.5 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 3.32 லட்சம்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்த கடலூர்க்காரருக்கு வடக்கே ஒரு சபலம் இருக்கும். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிச் சற்று தூரத்தில் புதுச்சேரி எல்லை. பெட்ரோல் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு, எல்லைக்குப் போய் டேங்கை நிரப்பி வருவது இங்கே சகஜம். சாலை வரியும் வெகுகாலமாகக் குறைவு. அப்படியானால் வண்டியையும் பிஒய் 01 என்றே பதிந்துவிட்டால் என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வண்டிக்காரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில்தான் பதிவு என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்த மாநிலத்தின் எந்த அலுவலகத்திலும் பதியலாம், சிதம்பரத்துக்காரர் கடலூரில் பதிந்தாலும் குற்றமில்லை. புதுச்சேரி வேறு. 2017-இல் கேரளத் திரையுலகினர் சிலர் புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிந்தது வழக்காகி நாடே பேசியது. கோடி ரூபாய்க் காருக்கு நடந்த அதே கதைதான் பத்து லட்ச ரூபாய்க் காருக்கும், தொகை மட்டும் சிறியது. ஷோரூம் எந்த ஊர் என்பதற்குத் தடையில்லை. புதுச்சேரியில் நல்ல விலை கிடைத்தால் வாங்கலாம், பதிவும் வரியும் இங்கே வந்துவிட வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் வண்டியைப் போய்ப் பார்ப்பதை 'பிடிஐ' என்பார்கள். பதிவுக்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும், பதிவான வண்டியை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். பகல் வெளிச்சத்தில் பெயிண்ட், ஓடிய கிலோமீட்டர், டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தில் அச்சான வாரமும் ஆண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக சேசிஸ் எண். பதினேழு எழுத்து கொண்ட அந்த எண்ணுக்குள் தயாரித்த ஆண்டு ஒளிந்திருக்கிறது. 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ் என்று போகும். டீலர் தரும் படிவம் 21 என்னும் விற்பனைச் சான்றிலும் தயாரித்த மாதமும் ஆண்டும் எழுதியிருக்க வேண்டும்.

இதைப் பார்க்காமல் விட்டதால் வந்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கோவாவைச் சேர்ந்த ஒருவர் 2011 மாடலுக்குப் பணம் கட்டினார். டீலர் கொடுத்தது 2009-இல் தயாரானது. ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடிப்பகுதி துருப்பிடித்திருந்தது. நுகர்வோர் மன்றங்கள் டீலரோடு தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸையும் பொறுப்பாளியாக்கின. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரை விடுவித்தது. கம்பெனி டீலருக்கு வண்டியை விற்றுவிடுகிறது, டீலர் அதன் ஏஜென்ட் ஆக மாட்டார், டீலர் செய்ததைக் கம்பெனி அறிந்திருந்தது என்று காட்டினால் ஒழிய கம்பெனியைப் பிடிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பளபளக்கும் கம்பெனிப் பலகையின் கீழே நின்று கையெழுத்துப் போடுகிறவர் அந்த உள்ளூர் முதலாளியோடுதான் ஒப்பந்தம் செய்கிறார். அவர் சண்டைக்காரராக மாறினால் போக வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிதம்பரத்துக்காரருக்கு அது கடலூர் ஆணையம். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டி வெளியே வந்ததும் எதிர்ப்படுவது வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாகச் சரிந்து ஏறி இறங்க வேண்டும். ஊர்க்காரர்கள் மறியல் செய்து ஒரே இரவில் போடவைத்த தடைகள் அந்த அளவைக் கேட்டுப் போட்டவை அல்ல. தரையிலிருந்து 155 மில்லிமீட்டர் உயரமே நின்ற அபார்த் புன்டோக்காரர்கள் குறுக்காக ஏற்றி இறக்கப் பழகியது இதனால்தான். இன்றைய வண்டிகள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரம், அவ்வளவே வித்தியாசம்.

ஓட்டுவதற்குச் சாலை இருக்கிறது. பழைய 45 ஏ எண் தேசிய நெடுஞ்சாலை விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நான்கு வழியாகி வருகிறது. கடலூருக்குத் தெற்கே பூண்டியாங்குப்பத்திலிருந்து சிதம்பரம் பக்கமாகச் சீர்காழி அருகேயுள்ள சட்டநாதபுரம் வரை 57 கிலோமீட்டர். கொத்தட்டை டோல்கேட்டில் பணம் கட்டிவிட்டால் முன்னால் நேர்க்கோடு. 2018 ஏப்ரல் அறிவிக்கையில் மத்திய அரசு இத்தகைய நான்கு வழிச் சாலையில் காருக்கு வைத்த உச்சவரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். ஒரு லிட்டர் டர்போ அதைப் பத்து வினாடிக்குள் தொட்டுவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல் நிற்கும்.

அதுவும் உடனே கூடாது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இன்ஜினை விரட்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல், பதமாக ஓட்டச் சொல்கிறது கையேடு. சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பதினோரு முறை போய்வந்தால் அந்த ஆயிரம் தீரும். பதினோராவது முறை வண்டியை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான், முதல் சர்வீஸ்.